மின்பென்சில் முதல் வேர்டுஸ்டார் வரை

உரைநடை உலகம்

நுழையும்முன்

எழுதியதை அடித்துத் திருத்துவதும், திருத்தியதை மீண்டும் படியெடுப்பதும் எழுதுவோர் அனைவரும் பட்ட பாடு. எழுத்தாணியால் ஓலையில் கீறிய காலத்திலும், மை தொட்டுத் தாளில் எழுதிய காலத்திலும், தட்டச்சுப் பொறியின் காலத்திலும் அந்தப் பாடு தீரவில்லை. வீட்டு மேசைமீது கணினி வந்தமர்ந்த 1970களின் பிற்பகுதியில்தான் அது மாறத் தொடங்கியது. இன்று கைப்பேசியில் ஒரு சொல்லை அழித்து வேறொரு சொல்லை இடுவது நொடிப்பொழுதுச் செயல். அதே செயலைச் சில கிலோபைட் நினைவகமே கொண்ட எந்திரங்களில் நிகழ்த்திக் காட்டியவர்கள் சந்தித்த இடர்களையும், அந்த மென்பொருள்களை இன்று பழங்கணினிகளில் மீண்டும் இயக்குவோர் மேற்கொள்ளும் பணியையும் விளக்குகிறது இப்பாடம்.

சன்னல் வழியே நுழைந்த எந்திரம்

1968ஆம் ஆண்டு இலண்டன் நகரில் ஒரு வீட்டின் சன்னலைக் கழற்றிவிட்டு, பாரந்தூக்கியின் உதவியால் ஓர் எந்திரத்தை உள்ளே இறக்கினார்கள். அதன் எடை ஏறத்தாழ 90 கிலோ. ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் வெளியிட்ட அந்த எந்திரம், தட்டச்சு செய்யப்படும் எழுத்துகளைக் காந்த நாடாவில் பதிவுசெய்துகொள்ளும். கேட்கும்போது அவற்றைத் தானே தாளில் அச்சிட்டுத் தரும். அதற்குத் திரை கிடையாது. வீட்டுக்கு உரியவர் லென் டெய்ட்டன் என்னும் ஆங்கில நாவலாசிரியர். இரண்டாம் உலகப்போரின் ஓர் இரவு விமானத் தாக்குதலைப் பற்றி அவர் எழுதிய 'பாம்பர்' என்னும் நாவல் 1970இல் வெளிவந்தது. சொற்செயலியின் துணைகொண்டு எழுதப்பட்ட முதல் நாவலாக அதனை இலக்கிய வரலாற்று ஆய்வாளர் மேத்யூ கிர்ஷன்பாம் அடையாளம் காட்டியுள்ளார். எந்திரத்தை இயக்கியவர் டெய்ட்டன் அல்லர். அவருடைய உதவியாளரான எலனோர் ஹேண்ட்லி என்னும் பெண்மணி. முதல் நாவலாசிரியரின் பெயரை நினைவில் வைக்கும் வரலாறு, விசைப்பலகையின்முன் அமர்ந்தவரின் பெயரை நெடுங்காலம் மறந்திருந்தது.

அத்தகைய எந்திரம் நிறுவனங்களுக்கும் வசதி படைத்தோருக்கும் உரியதாகவே இருந்தது. சாதாரண மனிதர் ஒருவர் தம் வீட்டில், தம் கையால், தம் எழுத்தைத் திரையில் பார்த்துத் திருத்துவதற்கு இன்னும் எட்டாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒளிப்பதிவாளர் எழுதிய மென்பொருள்

1975ஆம் ஆண்டு சனவரியில் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' என்னும் அமெரிக்க இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்னும் கணினியின் படம் வெளிவந்தது. அதனை உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பற்றவைத்துப் பூட்டிக்கொள்ளலாம். பெட்டியுடன் கிடைத்த நினைவகம் 256 பைட் மட்டுமே. இந்தப் பத்தியில் உள்ள எழுத்துகளைக்கூட அதற்குள் அடக்க இயலாது! விசைப்பலகையும் திரையும் இல்லை. முகப்பில் இருந்த சொடுக்கிகளை மேலும் கீழும் தள்ளிக் கட்டளையிட வேண்டும். சிறுவிளக்குகள் எரிவதையும் அணைவதையும் கொண்டு விடையறிய வேண்டும். இத்தகைய எந்திரத்தில் கட்டுரை எழுதலாம் என்று யாருக்கும் தோன்றாததில் வியப்பில்லை.

மைக்கேல் ஷ்ரேயர் என்பவருக்குத் தோன்றியது. திரைப்படத் துறையில் ஒளிப்பதிவாளராகப் பணியாற்றியவர். நியூயார்க்கை விட்டுக் கலிபோர்னியாவில் குடியேறியவர். ஆல்டேர் கணினியை வாங்கி, கூடுதல் நினைவகமும் விசைப்பலகையும் திரையும் இணைத்து, அதற்கான நிரல்களைத் தாமே எழுதிப் பழகினார். அவர் மேம்படுத்திய ஒரு நிரல்தொகுப்பைப் பிறரும் விரும்பி வாங்கினர். வாங்கியவர்களுக்குக் கையேடு ஒன்று தேவைப்பட்டது. கையேட்டைத் தட்டச்சுப் பொறியில் எழுதத் தொடங்கியபோது ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பக்கத்தை மீண்டும் அடிக்க வேண்டியிருந்தது. அருகிலேயே கணினி இருக்கும்போது இந்த வேலையை ஏன் அதனிடம் ஒப்படைக்கக் கூடாது என எண்ணினார். சொற்செயலி என்னும் சொல்லையே அவர் அதுவரை கேள்விப்பட்டிருக்கவில்லை.

இவ்வாறு பிறந்த மென்பொருள் 1976ஆம் ஆண்டு திசம்பரில் 'எலெக்ட்ரிக் பென்சில்' என்னும் பெயரில் வெளிவந்தது. தமிழில் 'மின்பென்சில்' எனலாம். வீட்டுக் கணினிக்கென எழுதப்பட்ட முதல் சொற்செயலி இதுவே. வரியின் முடிவில் இடம் போதாத சொல்லை அது தானே அடுத்த வரிக்குக் கொண்டுசென்றது. தட்டச்சுப் பொறியில் வரிக்கு வரி மணியோசை கேட்டு உருளையைத் தள்ளிப் பழகிய கைகளுக்கு இது பெரும் விடுதலை.

ஷ்ரேயருக்கோ விடுதலை கிட்டவில்லை. அக்காலக் கணினிகளுக்குள் பொதுவான ஒழுங்கு எதுவும் இல்லை. திரையில் ஓர் எழுத்தைக் காட்டும் முறை எந்திரத்துக்கு எந்திரம் வேறுபட்டது. அச்சுப்பொறிகளும் அவ்வாறே. ஆகவே, ஒவ்வொரு கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் மென்பொருளைத் தனித்தனியே மாற்றியெழுத வேண்டியிருந்தது. இவ்வாறு உருவான வடிவங்களின் எண்ணிக்கை 78. ஒரே பென்சிலை 78 முறை சீவியவர் அவர்.

ஒரு சில்லின் குறை

1977இல் ரேடியோ ஷாக் கடைகளில் விற்பனைக்கு வந்த டி.ஆர்.எஸ்.-80 கணினிக்கும் மின்பென்சில் வந்துசேர்ந்தது. அக்கணினியின் திரையில் 16 வரிகள். வரிக்கு 64 எழுத்துகள். பெருக்கினால் 1,024. அதாவது சரியாக ஒரு கிலோபைட். திரைக்கென ஒதுக்கப்பட்ட நினைவகச் சில்லு ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பிட் வீதம் நினைவில் கொள்ளும். ஒரு பைட்டுக்கு எட்டுப் பிட்டுகள் ஆதலின், எட்டுச் சில்லுகள் இருந்திருக்க வேண்டும். செலவைக் குறைக்க வேண்டி, ஏழு சில்லுகளையே வைத்தனர். அந்த ஒரு பிட்டு விடுபட்டதால் ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளைக் காட்ட இயலவில்லை. விளைவாக, திரையில் பெரிய எழுத்துகள் மட்டுமே தோன்றின.

விளையாட்டுக்கும் கணக்குக்கும் இது போதும். கடிதத்துக்கும் கதைக்கும் போதாது. மின்பென்சிலை வாங்கியவர்கள் பலர் கணினியைத் திறந்து, இருக்கும் சில்லு ஒன்றின் முதுகின்மேல் எட்டாவது சில்லை ஏற்றிப் பற்றவைத்தனர். கூடவே பெட்டியில் ஒரு சொடுக்கியையும் பொருத்திக்கொண்டனர். பற்றுக்கோலைத் தவறான இடத்தில் ஒருகணம் கூடுதலாக வைத்தால் கணினியே பாழாகிவிடும். ஆயினும், தம் எழுத்தைச் சரியான உருவில் பார்க்கவேண்டும் என்னும் வேட்கை அந்த அச்சத்தை வென்றது.

1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியும் பெரிய எழுத்துகளை மட்டுமே காட்டியது. வரிக்கு 40 எழுத்துகள். பால் லூடஸ் என்பவர் ஓரிகன் மாநில மலைக்காட்டில் தம் கையால் கட்டிய மரக்குடிலில் தனித்து வாழ்ந்தவர். நீண்ட கம்பி வழியே மின்சாரம் கொண்டுவந்து அவர் எழுதிய 'ஆப்பிள் ரைட்டர்' 1979இல் வெளியாயிற்று. சிறிய எழுத்தே இல்லாத திரையில் இருவகை எழுத்தையும் எவ்வாறு காட்டுவது? சாதாரணமாகத் தோன்றுவதைச் சிறிய எழுத்தாகவும், ஒளிரும் கட்டத்தில் கருமையாகத் தோன்றுவதைப் பெரிய எழுத்தாகவும் கொள்ளுமாறு அவர் அமைத்தார். விசைப்பலகையின் ஷிப்ட் விசை அழுத்தப்படுவதைக் கணினி அறியாது என்பது மற்றொரு தடை. பயனர்கள் அந்த விசையிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியைச் செருகும் இடத்தில் இணைத்துத் தடையைக் கடந்தனர். கணினி தம் ஷிப்ட் விசையை விளையாட்டுப் பொத்தான் என்றே நம்பிக்கொண்டிருந்தது!

பந்தியில் இடம் கொடுத்தல்

எழுத்துகளைத் திரையில் காட்டுவதைவிடக் கடினமான செயல் ஒன்று உண்டு. அது நடுவில் ஓர் எழுத்தைச் செருகுவது.

நினைவகத்தில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியின்றி அமர்ந்திருக்கும். திருமணப் பந்தியில் நூறு பேர் நெருங்கி அமர்ந்திருக்கும்போது மூன்றாவது இடத்தில் புதிதாக ஒருவரை அமர்த்த வேண்டுமானால், எஞ்சிய 98 பேரும் இலையோடு ஓரிடம் நகர வேண்டும். கணினியிலும் அதுவே நிகழ்கிறது. ஆப்பிள் 2, கமடோர் 64 ஆகியவற்றில் இருந்த செயலிகள் நொடிக்கு ஏறத்தாழ 10 இலட்சம் துடிப்புகளில் இயங்கின. ஓர் எழுத்தை ஓரிடம் நகர்த்த ஏறத்தாழ 16 துடிப்புகள் செலவாகும். கட்டுரையில் 20,000 எழுத்துகள் இருந்து, தொடக்கத்தில் ஓர் எழுத்தைச் செருகினால் 3,20,000 துடிப்புகள் வேண்டும். அதாவது, மூன்றில் ஒரு பங்கு நொடி. விரைவாகத் தட்டச்சு செய்வோர் நொடிக்கு ஐந்து எழுத்துகளை அடிப்பர். எந்திரமோ மூன்றை மட்டுமே ஏற்கும். எஞ்சியவை விடுபட்டுப் போகக்கூடும்.

இதற்கு நிரலாளர்கள் கண்ட தீர்வுகளுள் ஒன்று எளிமையும் அழகும் உடையது. சுட்டி நிற்கும் இடத்துக்கு முன்னுள்ள எழுத்துகளை நினைவகத்தின் தொடக்கத்திலும், பின்னுள்ளவற்றை அதன் கடைசியிலும் வைத்துவிடுவது. நடுவில் பெரும் வெற்றிடம் கிடைக்கும். புதிய எழுத்துகள் யாரையும் நகர்த்தாமல் அவ்வெற்றிடத்தில் வந்தமரும். சுட்டியை நகர்த்தும்போது அது கடந்துசெல்லும் எழுத்துகள் மட்டும் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாறும். பந்தியை இரண்டாகப் பிரித்து, விருந்தினர் வரும் இடத்திலேயே காலி இலைகளை வைத்திருப்பதற்கு ஒப்பானது இது. இம்முறை இன்றைய உரைத்தொகுப்பு மென்பொருள்கள் சிலவற்றிலும் வழக்கில் இருக்கிறது.

ஒலிநாடாவில் ஒரு கட்டுரை

எழுதியதைச் சேமிப்பது அடுத்த இடர். மின்சாரம் நின்றால் நினைவகத்தில் உள்ளவை அனைத்தும் மறைந்துவிடும். நெகிழ்வட்டு இயக்கியின் விலை கணினியின் விலைக்குப் போட்டியிட்ட அந்நாளில், பாட்டுக் கேட்கும் ஒலிநாடாப் பெட்டியே பலருக்குச் சேமிப்பகம். டி.ஆர்.எஸ்.-80 கணினி நொடிக்கு 500 பிட்டுகளை நாடாவில் ஒலியாகப் பதிவுசெய்தது. 10,000 எழுத்துகள் கொண்ட கட்டுரையைச் சேமிக்க 160 நொடிகள் ஆகும். மீண்டும் படிக்கவும் அதே அளவு நேரம். ஒலி அளவைத் திருகும் குமிழ் சற்றே மாறியிருந்தால் படிப்பது தவறிவிடும். தேர்ந்தவர்கள் ஒரே கட்டுரையை நாடாவில் இரண்டு மூன்று முறை பதிவுசெய்தனர். குமிழின் சரியான நிலையில் வண்ணப்புள்ளி ஒன்றை வைத்துக்கொண்டோரும் உண்டு.

> தெரிந்து தெளிவோம்
>
> 1984ஆம் ஆண்டு சனவரியில் 'கம்ப்யூட் கெசட்' என்னும் அமெரிக்க இதழ் ஒரு சொற்செயலியையே தன் பக்கங்களில் அச்சிட்டது. சார்லஸ் பிரானன் கமடோர் 64 கணினிக்கு எழுதிய 'ஸ்பீடுஸ்கிரிப்ட்' அது. அளவு ஏறத்தாழ 5 கிலோபைட். வட்டு இல்லை, எண்கள் மட்டுமே. வரிக்கு ஆறு எண்கள், இறுதியில் ஒரு சரிபார்ப்பு எண். வாசகர்கள் எண்ணூறுக்கும் மேற்பட்ட வரிகளைத் தாமே தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எண் பிழைத்தாலும் சரிபார்ப்பு எண் காட்டிக்கொடுத்துவிடும். எழுதும் கருவியைப் பெறுவதற்கே நாள்கணக்கில் எழுதவேண்டியிருந்தது.

வேர்டுஸ்டார்

ஷ்ரேயரை 78 முறை எழுதவைத்த குழப்பத்துக்கு ஒரு மருந்து கிடைத்திருந்தது. கேரி கில்டால் உருவாக்கிய சி.பி./எம். என்னும் இயக்க முறைமை, வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஒரே மென்பொருள் ஓடுவதற்கு வழியமைத்தது. 1978இல் சீமோர் ரூபின்ஸ்டைன் மைக்ரோபுரோ நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு ராப் பார்னபி என்னும் நிரலாளர் எழுதிய வேர்டுஸ்டார், சி.பி./எம். முறைமைமீது இயங்கியது. எந்தத் திரை, எந்த அச்சுப்பொறி என்பதை நிறுவும்போதே பயனர் தெரிவித்துவிடலாம்.

வேர்டுஸ்டாரின் விசையமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. அக்காலத் திரைமுனையங்கள் பலவற்றில் அம்புக்குறி விசைகள் இல்லை. எனவே, 'ஏ' எழுத்தின் இடப்புறம் இருந்த கண்ட்ரோல் விசையைச் சுண்டுவிரலால் அழுத்திக்கொண்டு, இடக்கையின் பிற விரல்களாலேயே சுட்டியை நகர்த்துமாறு அமைத்தனர். 'இ' மேலே, 'எக்ஸ்' கீழே, 'எஸ்' இடப்புறம், 'டி' வலப்புறம். விசைப்பலகையில் இந்நான்கும் வைரத்தின் வடிவில் அமைந்திருப்பதைக் காணலாம். 'எஸ்' விசைக்கு அப்பால் உள்ள 'ஏ' ஒரு சொல் இடப்புறம் செல்லும். 'டி' விசைக்கு அப்பால் உள்ள 'எஃப்' ஒரு சொல் வலப்புறம் செல்லும். மனப்பாடம் செய்யவேண்டிய தேவை இல்லை. விரல்களே நினைவில் வைத்துக்கொள்ளும். கைகள் விசைப்பலகையை விட்டு விலகாமலே ஒரு பத்தியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து, வேறிடத்துக்கு மாற்றவும் படியெடுக்கவும் அழிக்கவும் இயன்றது. பத்தியைக் குறித்துவைத்துவிட்டு, வேறு பக்கங்களைப் படித்து, திருத்தங்களும் செய்து, பின்னர் ஆர அமர வந்து அப்பத்தியை நகர்த்தலாம். இன்றைய சொற்செயலிகளில் பத்தியைத் தெரிவுசெய்துவிட்டு வேறோர் இடத்தைத் தொட்டால் தெரிவு கலைந்துவிடுகிறது. இந்த ஒரு வகையில் பழையது புதியதைவிட எழுத்தாளரின் மனத்தை நன்கு அறிந்திருந்தது.

மென்பொருள் முழுவதும் நினைவகத்தில் அடங்காது. அதனால் அதனைப் பகுதிகளாகப் பிரித்து, வேண்டிய பகுதியை மட்டும் வட்டிலிருந்து அவ்வப்போது எடுத்துக்கொண்டனர். ஆவணமும் அவ்வாறே. பெரிய அத்தியாயத்தின் முடிவுக்குச் சுட்டியைக் கொண்டுசெல்லும்போது வட்டு உறுமும், எழுதுபவர் காத்திருப்பார். சேமிக்கும்போது முந்தைய வடிவத்தை அழிக்காமல் வேறு பெயரில் ஒதுக்கிவைக்கும் வழக்கமும் வேர்டுஸ்டாருக்கு இருந்தது. ஒரு கணக் கவனக்குறைவிலிருந்து எத்தனையோ கையெழுத்துப்படிகளை அவ்வழக்கம் காப்பாற்றியிருக்கும்.

1981இல் லீ ஃபெல்சன்ஸ்டைன் வடிவமைத்த ஆஸ்பார்ன் 1 கணினி 1,795 டாலர் விலையில் வெளிவந்தபோது, வேர்டுஸ்டாரும் அந்த விலைக்குள்ளேயே அடங்கியது. 64 கிலோபைட் நினைவகமும் இரண்டு நெகிழ்வட்டு இயக்கிகளும் கொண்டு, கைப்பிடியுடன் தூக்கிச்செல்லத்தக்கதாக அது அமைந்திருந்தது. எடை ஏறத்தாழ 11 கிலோ என்பதால், தூக்கிச்சென்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். திரையின் அளவு 5 அங்குலம். ஒருநேரத்தில் வரிக்கு 52 எழுத்துகளே தெரியும். அகன்ற தாளைச் சிறு துளைவழியே பார்ப்பதுபோல, வரியின் எஞ்சிய பகுதியைப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்க வேண்டும்.

கொழும்பிலிருந்து சென்ற வட்டு

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இலங்கையின் கொழும்பு நகரில் வாழ்ந்தவர். 1982இல் வெளிவந்த '2010: ஒடிசி டூ' என்னும் நாவலை அவர் ஆர்கைவ்ஸ் 3 என்னும் நுண்கணினியில், வேர்டுஸ்டாரைக் கொண்டு எழுதினார். முழுநாவலும் ஒரே ஒரு 5 அங்குல வட்டில் அடங்கி, கொழும்பிலிருந்து நியூயார்க் சென்றது. இறுதிநேரத் திருத்தங்கள் மட்டும் பாதுக்கை நிலையத்திலிருந்து செயற்கைக்கோள் வழியே அனுப்பப்பட்டன. புவியோடு இணைந்து சுழலும் செயற்கைக்கோள்களால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் கிளார்க். தாம் கண்ட கனவின் வழியாகவே தம் நாவலின் திருத்தங்களை அனுப்பும் பேறு எழுத்தாளருள் வேறு யாருக்கு வாய்த்தது?

தமிழ் எழுத்துகளும் எட்டுக்கு எட்டுக் கட்டமும்

மேற்கண்ட கணினிகளில் எழுத்தின் வடிவங்கள் ஒரு சில்லில் நிலையாகப் பொறிக்கப்பட்டிருந்தன. கமடோர் 64 கணினியில் மட்டும் அவ்வடிவங்களை நினைவகத்துக்குப் படியெடுத்து மாற்றியமைக்க இயலும். ஓர் எழுத்துக்கு எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் புள்ளிகள். 256 வடிவங்களுக்கு 2,048 பைட்டுகள். ஆங்கிலத்தின் 'ஐ' எழுத்துக்கு அந்தக் கட்டமே அதிகம். தமிழின் 'ண'கரத்தையும் 'ஞ'கரத்தையும் எட்டுப் புள்ளி அகலத்துக்குள் வரைந்து பார்த்தால், சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை உணரலாம். தமிழின் 247 எழுத்துகளையும் தனித்தனி வடிவங்களாகக் கொண்டால் பிற குறிகளுக்கும் எண்களுக்கும் இடம் எஞ்சாது. துணைக்கால், கொம்பு ஆகியவற்றைத் தனி வடிவங்களாகப் பிரித்துச் சேர்த்தெழுதுவதே வழி. அச்சுக்கோப்போர் ஈய எழுத்துகளில் ஏற்கெனவே கையாண்ட முறைதான் அது. 1984இல் கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் உருவாக்கிய 'ஆதமி', 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் தொடங்கிய 'முரசு' ஆகியவை தமிழுக்கான தொடக்ககாலச் சொற்செயலிகள். அவை எழுந்த காலம், ஸ்பீடுஸ்கிரிப்ட் வெளிவந்த அதே காலமே.

மீண்டும் இயக்குதல்

நாற்பதாண்டுகளுக்கு முந்தைய கணினியையும் மென்பொருளையும் இன்று இயக்குவது பொழுதுபோக்குப் போலத் தோன்றலாம். பழம்பொருள் மீதான பற்றும் அதில் உண்டு. ஆனால், அக்கால எழுத்தாளர்களின் வரைவுகளும் கடிதங்களும் நாட்குறிப்புகளும் எங்கே உள்ளன என்று எண்ணிப்பார்த்தால் அதன் தேவை விளங்கும். அவை தாளில் இல்லை. பரண்மேல் கிடக்கும் நெகிழ்வட்டுகளில் காந்தத் துகள்களாக உள்ளன. நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட ஓலையைக் கண்ணால் படித்துவிடலாம். 1983இன் வட்டைக் கண்ணால் படிக்க இயலாது.

பரணிலிருந்து எடுத்த கணினியை உடனே மின்சாரத்தில் செருகுவது முதல் தவறு. கமடோர் 64 கணினியின் மின்வழங்கி முதுமையில் 5 வோல்ட்டுக்குப் பதிலாகக் கூடுதல் மின்னழுத்தத்தைத் தந்துவிடும். நினைவகச் சில்லுகள் அக்கணமே கருகும். ஆதலால், கணினியுடன் இணைக்குமுன் மின்வழங்கியை மட்டும் தனியே அளந்து பார்க்க வேண்டும். புதிய மின்வழங்கியைப் பயன்படுத்துவது இன்னும் நன்று. ஆப்பிள் 2 போன்றவற்றின் மின்வழங்கியில் உள்ள மின்தேக்கிகள் சில, வெடிப்புற்ற மேலுறை வழியே ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் அவை நாற்றத்துடன் புகைவது இத்துறையினர் அனைவரும் அறிந்தது.

வட்டைக் கையாள்வது இதனினும் நுட்பமானது. காந்தத் துகள்களை வட்டோடு ஒட்டிவைத்திருக்கும் பசை நாளடைவில் தளர்கிறது. படிக்கும் முனை உரசும்போது துகள்கள் உதிர்ந்து, எழுத்தும் உதிர்கிறது. சில வட்டுகள் ஒருமுறை மட்டுமே படிக்க இடம்தரும். எனவே அனுபவம் மிக்கவர்கள் வட்டைச் செருகி வேர்டுஸ்டாரை இயக்கிப் பார்ப்பதில்லை. முதலில் படிக்கும் முனையைத் தூய்மைசெய்து, வட்டின் காந்த மாற்றங்கள் அனைத்தையும் அப்படியே பதிவுசெய்யும் கருவியைக் கொண்டு முழுப்படி ஒன்றை எடுத்துவைக்கின்றனர். மூலவட்டு அதன்பின் ஓய்வுகொள்ளும். சோதனைகள் எல்லாம் படியின்மீதே நிகழும்.

பழங்கணினியைப் போலவே நடந்துகொள்ளும் போன்மி மென்பொருள்களும் உள்ளன. கமடோர் கணினிகளுக்கான 'வைஸ்' அவற்றுள் புகழ்பெற்றது. எழுதப்பட்டதைப் படிக்க இத்தகைய போன்மியே போதும். எழுதிய அனுபவத்தை அறிய அது போதாது. சேமிக்க ஆன நேரமும், வரிக்கு 40 எழுத்துகளே தெரிந்த திரையும், வட்டின் உறுமலும் ஓர் எழுத்தாளரின் வாக்கிய நீளத்தையும் திருத்தும் பழக்கத்தையும் எவ்வாறு மாற்றின என்பதைப் பழைய எந்திரத்தின்முன் அமர்ந்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தவரே உணர முடியும். இந்த மென்பொருளை விட்டுவிட மனமில்லாமல் இன்றும் அதிலேயே எழுதுவோரும் உள்ளனர். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தம் நாவல்களை வேர்டுஸ்டார் 4.0 பதிப்பில் எழுதுபவர். கனடிய எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயர் 1992இல் வெளியான வேர்டுஸ்டார் 7.0 பதிப்பையும் அதன் கையேடுகளையும் தொகுத்து, 2024இல் அனைவருக்கும் கிடைக்கச் செய்தார்.

படியெடுத்த வட்டிலிருந்து வேர்டுஸ்டார் கோப்பு ஒன்றை இன்றைய மென்பொருளில் திறந்தால், பல சொற்களின் கடைசி எழுத்து மட்டும் விளங்காத குறியாகத் தோன்றும். கோப்பு சிதைந்துவிட்டது என்று கருதிக் கைவிடுவோர் உண்டு. சிதைவு அன்று அது. ஆங்கில எழுத்துகளைக் குறிக்க ஏழு பிட்டுகளே போதும். பைட்டில் எட்டாவது பிட்டு வேலையின்றி இருந்தது. நினைவகம் அருமையாக இருந்த காலத்தில் அதனைச் சும்மா விடுவார்களா? சொல் முடியும் இடத்தைத் தனக்கு நினைவூட்டிக்கொள்ள, வேர்டுஸ்டார் கடைசி எழுத்தின் எட்டாவது பிட்டை எரியவிட்டது. ஆங்கிலச் சிறிய எழுத்தாகிய 'இ'யின் எண் 101. எட்டாவது பிட்டின் மதிப்பாகிய 128 சேரும்போது அது 229 ஆகிவிடுகிறது. 127க்கு மேற்பட்ட எண்களிலிருந்து 128ஐக் கழித்துவிட்டால் எழுத்து மீளும்.

எல்லா இடங்களிலும் கண்ணை மூடிக்கொண்டு கழித்தல் கூடாது. வரி முடிவைக் குறிக்கும் எண் 13. எழுதியவர் தாமே விசையை அழுத்தி முடித்த வரிக்கு வேர்டுஸ்டார் 13 என்றே எழுதும். இடம் போதாமையால் மென்பொருள் தானாக மடித்த வரிக்கு 141 என்று எழுதும். 141இலிருந்து 128ஐக் கழித்தால் அதுவும் 13 ஆகிவிடும். எழுத்தாளர் முடித்த வரி எது, எந்திரம் மடித்த வரி எது என்னும் வேறுபாடு அழிந்துபோகும். உரைநடையாயின் பத்திகள் குலையும். கவிதையாயின், அடிகளைக் கவிஞர் எங்கே முறித்தார் என்பதே தெரியாமற்போகும். அதனால் கோப்பை மீட்போர் முதலில் 141 என்னும் எண்கள் இருக்கும் இடங்களைத் தேடி, அங்கெல்லாம் ஓர் இடைவெளியை இட்டு வரிகளை இணைத்துவிட்டு, அதன்பிறகே எஞ்சிய எழுத்துகளிலிருந்து 128ஐக் கழிக்கத் தொடங்குகின்றனர்.